ஏரி ஆய்வுக்கு நாற்பது ஆடுகள்

மூன்று வருடங்களாக ஆகஸ்டு பிறந்ததும் கோக்-கமிஷ் ஏரியிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவது நின்றுவிடுகிறது. பீன்ஸ் காய் பிடிக்கிற நேரம் அது. அணையை இரண்டு மீட்டர் உயர்த்தினால் அறுவடை வரை தாங்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பொறியாளரின் ஆய்வறிக்கை இல்லாமல் மாவட்டத்தில் யாரும் காது கொடுப்பதில்லை. பிஷ்கேக்கிலிருந்து வந்த பொறியாளர் சினாரா கேட்ட கூலி, ஊர்க்கணக்கில் நாற்பது ஆடு. ஊரில் நூற்றிருபது வீடு. மூன்று வீட்டுக்கு ஓர் ஆடு என்று முடிவாயிற்று.

எங்கள் பங்கைக் கேட்க, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடும் அசனாலி வந்தார். அம்மா பால் கறந்துகொண்டிருந்தாள்.

“பூபுசரா, நீயும் பக்கத்து ரெண்டு வீடும் சேர்ந்து ஒண்ணு குடுத்துடுங்க.”

“எங்க புல்வெளி ஏரிக்கரையில இருக்கு அண்ணே. ஏரி ரெண்டு மீட்டர் ஏறினா அது தண்ணிக்குள்ள. அப்புறம் மாட்டுக்கு எதைப் போடுவேன், உங்க பீன்ஸையா?”

“இப்போ ஆய்வு மட்டும்தானே? வெறும் காகிதம். காகிதம் யாரையும் முக்காது.”

“முக்காத காகிதத்துக்கு எதுக்கு நாப்பது ஆடு?”

அசனாலி சிரித்தபடி போய்விட்டார். அப்பா இறந்த பிறகு இரண்டு மாடுகளின் பாலும் வெண்ணெயும்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியது. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அணையின் மண்ணைத் துளைத்துப் பார்ப்பது, ஏரியின் ஆழத்தை அளப்பது என்று ஒப்பந்தத்தில் இருந்த எல்லாவற்றையும் சினாரா வாசித்தாள். யாரும் மறுக்கவில்லை. ஊரில் மூத்தவரான ஓர்மோன் ஆசி சொல்ல, உள்ளங்கை மேலே தெரியும்படி கைகளை விரித்தார். சம்மதம் என்று கூட்டமும் அதேபோல் கைகளை விரித்தது. ஆசி முடிந்து முகத்தைத் தடவிக்கொண்டால் பேச்சும் முடிந்தது, அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது.

அம்மாவின் கைகள் மட்டும் மடியில் இருந்தன.

“என்ன பூபுசரா, கை குளிருதா?” என்றார் தெமிர்பெக். ஊரிலேயே அதிகம் பீன்ஸ் போடுகிறவர் அவர்.

“கை நல்லாத்தான் இருக்கு. தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு இந்தப் பொண்ணு சொல்லட்டும், விரிக்கிறேன்.”

“அது இந்த ஆய்வுல இல்லக்கா,” என்றாள் சினாரா. “அணை தாங்குமா, எவ்வளவு தண்ணி சேரும், அவ்வளவுதான். கரையைச் சுத்தி அளக்கணும்னா இன்னும் எட்டு நாள் ஆகும்.”

“அதுக்கு எவ்வளவு?”

“அஞ்சு ஆடு.”

சிரிப்பு எழுந்தது. “அந்தப் புல்லை நானே வாங்கிக்கறேன், இதைவிட மலிவா முடிஞ்சிடும்!” என்றார் தெமிர்பெக்.

“மூணு வீட்டுப் பங்கு ஆட்டையும் நானே தர்றேன். அந்த அஞ்சுல ஒண்ணும் என்னுது,” என்றாள் அம்மா.

எங்களிடம் இருந்ததே மூன்று ஆடு. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“சீக்கிரம் பேசி முடிங்கடா, கை கடுக்குது,” என்றார் ஓர்மோன்.

அப்போது பின்வரிசையில் காசிமாலி தன் கைகளை மெல்ல முழங்காலில் இறக்கினார். அவர் புல்வெளியும் கரையில்தான். அடுத்து அவர் தம்பி. இப்படி ஒவ்வொருவராக, கரையில் நிலம் உள்ள ஏழு வீட்டாரும் கையை இறக்கிவிட்டார்கள். தெமிர்பெக் ஏதோ சொல்ல எழுந்தார். அசனாலி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“சேர்த்து எழுதும்மா. பாக்கி நாலு ஆட்டுக்கு நான் பொறுப்பு,” என்றார் அசனாலி சினாராவிடம்.

சினாரா எழுதினாள்.

“படி,” என்றாள் அம்மா.

“ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் உயர்த்தினால் நீர் யார் யார் நிலம்வரை வரும் என்று அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும்.”

“இன்னொரு தடவை படி.”

படித்தாள். அம்மாவும் உள்ளங்கைகளை விரித்தாள்.

மறுநாள் லாரி வந்து இரண்டு ஆடுகளை ஏற்றிக்கொண்டு போனது. மிஞ்சிய ஒன்று தனியாக நின்று பகலெல்லாம் கத்தியது. சாயங்காலம் அதை மற்ற ஆடுகளோடு விட, அம்மாவும் நானும் காசிமாலியின் கொட்டிலுக்கு ஓட்டிப்போனோம்.

“படத்துல தண்ணிக் கோடு நம்ம புல்லைத் தாண்டிப் போச்சுன்னா?” என்று கேட்டார் அவர்.

“அப்போ ஏழு வீடும் சேர்ந்து பேசுவோம். இப்போ கதவைத் திறங்க, ஆடு குளிர்ல நிக்குது.”