கதவு தூர்ந்த கார்

ஆனியின் கடைநாட்கள் புதுச்சேரியில் மெல்லவே நகரும். மேல்காற்று பகல் முழுவதும் செம்புழுதியைச் சுமந்துவந்து கடலில் கொட்டும். கடற்காற்றோ போக்குக் காட்டிப் பொழுது சாய்ந்த பின்னரே கரையேறும். வேப்பம்பழங்கள் தாமே உதிரும். கோயில் குளங்களில் கடைசிப் படியும் தெரியும். ஈரம் என்பது மாந்தர் மேனியில் மட்டுமே எஞ்சும். ஈசன் உலகைக் காயவைத்துச் சோதிக்கும் பருவம் அது. 1974ஆம் ஆண்டின் அத்தகைய ஆனியில், உப்பளம் பேட்டையில் கார்த் தகடு தட்டும் டிங்கர் வேலை செய்துவந்த கண்ணையன், கதவில்லாத கார் ஒன்றனுள் நிலையாகக் குடியேறினான்.

கார் இராமதாஸுக்கு உரியது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, பதக்கங்களோடும் பென்ஷனோடும் ஊர் திரும்பியவர். தெருவார் அவரைப் பிரெஞ்சு மரியாதையாக முசியே என்றே அழைப்பர். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினான்கின் ஊர்வலத்திற்குத் தம் பழைய காரில் கைப்பிடி, சாவித்துளை, ஓரப்பட்டை எல்லாவற்றையும் நீக்கி, கதவுகளை வழவழப்பாக்கித் தரவேண்டும் என்றார். “கை போட்டா எதுவும் தட்டுப்படக்கூடாது” என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை.

கண்ணையனுக்குப் பட்டறை கிடையாது. வீட்டுக் கொல்லையின் கீற்றுக்கொட்டகையே பட்டறை. துணையும் மனைவி அஞ்சலாட்சி ஒருத்தியே. அவள் பதினோராண்டுகள் பஞ்சாலையில் துணியைக் கையால் தடவி முடிச்சுத் தேடியவள். ஆலை ஆட்குறைத்தபோது வீடு திரும்பினாள். அவளது உள்ளங்கைக்கு மயிரிழை மேடும் மலையாகப் படும். கண்ணையன் காருக்குள் அமர்ந்து தகட்டுக்கு இரும்புக்கட்டையை அணைகொடுத்துப் பிடிப்பான். அவள் வெளியே பட்டி பூசி, நீர் விட்டு, உப்புத்தாளால் தேய்த்து, கண்மூடித் தடவுவாள். “இருக்கா?” என்று உள்ளிருந்து கேட்பான். “இருக்கு” என்றால் மீண்டும் தேய்ப்பு. “இல்ல” என்று அவள் சொல்லிவிட்டால் அந்த ஒடுக்கு அதன்பின் இல்லை. அதை எவராலும் கண்டுபிடிக்க இயலாது.

இராமதாஸ் காலைதோறும் வந்து சுண்டுவிரல் நகத்தால் கதவைக் கீறிப் பார்த்துக் குறை சொன்னார். ஆறாம் நாள், அஞ்சலாட்சியின் அம்மைத்தழும்பு முகத்தைச் சற்று நேரம் உற்றுநோக்கினார்.

“இன்னா கண்ணையா, கதவுக்குப் பட்டி பூசச் சொன்னா, பொஞ்சாதி மூஞ்சியில வச்சு அச்சு எடுத்துட்டியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். அச்சத்தால் கண்ணையனும் சிறிது சிரித்தான். அந்தச் சிறு சிரிப்புத்தான் அவளைச் சுட்டது.

அன்று அவள் உண்ணாமல் தேய்த்தாள்.

“இருக்கா?”

“இருக்கு.”

“போதும் புள்ள, கை காந்துது.”

“சிரிக்கத் தெரிஞ்சுதுல்ல, உக்காருங்க.”

ஒரு பக்கம் முடித்து மறுபக்கமும் வந்தாள். கதவுக்கும் உடலுக்கும் இடையே எந்தக் காருக்கும் இருந்தே தீரவேண்டிய இடுக்கு அவள் கைக்குத் தட்டுப்பட்டது. சினத்தின் மிகுதியில் அதனையும் குறையென்றே கொண்டாள், தேய்த்தாள், கண்மூடித் தடவி “இல்ல” என்றாள். தோடணியாத காதின் துளைபோல நான்கு கதவுகளும் ஏற்றியிருந்த கண்ணாடிகளோடு ஒருங்கே தூர்ந்துபோயின.

கண்ணையனை வெளியே எடுக்க அண்டை வீட்டார் ஓங்கிய சம்மட்டிகள் தகட்டிலும் கண்ணாடியிலும் வழுக்கிச் சென்றன. கை படாத அடித்தளம் மட்டும் கரடாகவே இருந்தது. வெல்டர் பலராமன் மல்லாந்து கிடந்து பார்த்து, அங்கே ஓர் ஆள் நுழையுமளவு வெட்டலாம் என்றான். மறுநாள் இராமதாஸ் வந்தார். காரைச் சுற்றி நகத்தை ஓட்டினார். முதன்முறையாகக் குறை காணவில்லை.

அஞ்சலாட்சி அவர் காலில் விழுந்தாள். “அடியில கொஞ்சம் வெட்டிக்கிறோம் முசியே. திரும்ப ஒட்டிக் குடுத்துடுறோம்.”

“என் வண்டிய யாரும் வெட்டப்படாது.”

“உள்ள ஆளு இருக்காருங்க.”

“பாத்தேன். நானும் டிரைவர்தான் தேடிக்கிட்டு இருந்தேன்.”

அவ்வாண்டு ஊர்வலத்தில் கடற்கரைச் சாலையில் கண்ணையன் காரோட்ட, உள்ளே புக வழியில்லாமையால் இராமதாஸ் பதக்கங்களோடு காரின் கூரைமேல் நாற்காலியிட்டு அமர்ந்து சென்றார். ஊர் வியந்தது, மறு ஆண்டு வியப்பு குறைந்தது, மூன்றாம் ஆண்டு, கூரையில் குடை ஒன்று நட்டால் வெயிலுக்கு நன்றாயிருக்கும் என்று சிலர் யோசனை கூறினர். அஞ்சலாட்சி நாள்தோறும் கார் நின்ற இராமதாஸ் வீட்டுக் கொட்டகைக்குச் சென்று, அடித்தளத் துளை ஒன்றில் ரப்பர் குழாய் செருகிக் கஞ்சி ஊற்றினாள். ஒருநாள் அவன் பசிக்கவில்லை என்றான், பிறகு பசிக்கவேயில்லை. அவளுக்கு நரை கண்டது. அவனுக்கு ஒரு மயிரும் வெளுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வாயிலில் நின்று, “வெட்டிக்கட்டுமா முசியே?” என்று கேட்பாள். “நாளைக்குப் பாப்போம்” என்பார். ஒன்பது ஆண்டுகள் அந்த நாளை வரவில்லை.

1983 புரட்டாசியில் இராமதாஸ் காலமானார். பாரீசிலிருந்து வந்த மருமகன், கதவில்லாத கார் எனக்கெதற்கு என்று அதனை அவளுக்கே கொடுத்துவிட்டான். அவள் அழுதாள், அன்றே காரை இழுத்துவரச் செய்து, பலராமனை அழைத்தாள். அவன் கேஸ் கட்டரைக் கொளுத்திக்கொண்டு அடியில் புகுந்தான். நெடுநேரம் கழித்து வெளிவந்து கட்டரை அணைத்தான்.

“நெருப்பு நிக்கலக்கா. மீன் வயிறாட்டம் வழுக்குது. கஞ்சி ஊத்துன ஓட்டையையும் காணும்.”

அஞ்சலாட்சி கண்ணாடியில் முகம் பதித்தாள். உள்ளே கண்ணையன் இரும்புக்கட்டையை மடியில் வைத்து அமர்ந்திருந்தான். துளை தூர்ந்துவிட்டமையால் அவன் குரல் தகட்டின் அதிர்வாக வந்தது.

“கை சும்மா இருக்கல புள்ள. ஒன்பது வருசம் உக்காந்து இன்னா பண்றது. இருக்கிற மேடெல்லாம் உள்ளேருந்தே இழைச்சுட்டேன். தடவிப் பாரு, ஒன்னும் தட்டாது.”

அவள் அடியில் கைநீட்டித் தடவினாள். வேலை நன்றாகவே இருந்தது. அதனை அவனிடம் சொல்லவும் செய்தாள். அவன் முகம் மலர்ந்தது. அன்றுமுதல் கார் அவர்கள் வீட்டின் ஓர் அறையாயிற்று. தபால்காரர் கண்ணையன் பெயருக்கு வரும் கடிதங்களை முன்கண்ணாடியின் கீழே, மழைத்துடைப்பான் இருந்த இடத்தில் வைத்துப் போனார்.

ஐப்பசி அமாவாசை வந்தது. அஞ்சலாட்சி தலைமுழுகி, ஈரப்புடவையோடு கேதாரகௌரி நோன்புக் கலசம் வைத்தாள். இருபத்தோர் அதிரசம் படைத்தாள். கணவன் கையில் கட்டவேண்டிய நோன்புக்கயிற்றைக் கட்டக் கை எட்டாமையால், நீண்ட மஞ்சள் நூலைக் காரைச் சுற்றி மும்முறை வலம்வந்து சாத்தினாள். எதிலும் பற்றாமல் நூல் நழுவிச் சக்கரங்களைச் சூழ்ந்து கிடந்தது. அதுவும் சாத்துப்படியே என்று அமைந்து, சூடம் காட்டி, ஈரத்தரையில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்து வணங்கினாள்.

கண்ணாடிக்குள் கண்ணையன் வலக்கை உயர்ந்தது.

“தீர்க்க சுமங்கலியா இரு.”