பிறகு நேரில் வரவும்

1

“அந்த போன் நோட்டைக் குடுங்க டாக்டர்.”

கண் கிளினிக்கின் முன்மேசையில் உட்காருகிறவள் கேட்கக் கூடாத ஒன்று இது. பக்கத்துக் கவுண்டரில் கண்ணாடி மாட்டிவிடும் அக்கா, எல்லாருக்கும் கண்ணாடியக்கா, அன்று காலையே எச்சரித்திருந்தார். “லீவு கேளு. சம்பளம் ஏத்திக் கேளு. அந்த நோட்டை மட்டும் கேட்டுடாத. செத்த!”

கேட்டுவிட்டாள்.

அவள் என்றால் நான்தான். இதில் மர்மம் வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ‘நான்’ என்று எழுதினால் உடனே நியாயம் பேச ஆரம்பித்துவிடுகிறேன். ‘அவள்’ என்றால் திட்ட வசதியாக இருக்கிறது.

2

[முதல் தொடக்கம்: “உலகமே முகத்தை மூடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், கண்கள் மட்டுமே—” வேண்டாம். அழகாக இருக்கிறது. இவ்வளவு அழகாக எழுத, பறிகொடுத்தவளுக்கு வராது.]

கதை போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பிறந்தது. அம்மாவுக்குத் தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டும் வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இடது தோளை ஒட்டி நின்று அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளறையைப் பார்த்துக் கத்தினார்.

“எங்கடி போன? கூப்பிட்டா காது கேக்கலையா?”

“இங்கதாம்மா நிக்கிறேன்.”

அம்மா முகத்தை முழுசாகத் திருப்பினார். அதற்குப் பிறகுதான் அவளைப் பார்த்தார். சிரித்தார். “பேயாட்டம் நின்னா எப்படித் தெரியும்?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் செய்வதைத் தினமும் பார்க்கிறவள். அம்மாவின் வலது கண்ணைப் பொத்தச் சொல்லி, நேரே பார்க்கச் சொல்லி, இடது ஓரத்திலிருந்து விரலை மெல்ல நகர்த்தினாள். தெரியுதா? இல்ல. இப்ப? இல்லடி. விரல் ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்த பிறகு, “ஆங், தெரியுது” என்றார் அம்மா. “என்னடி விளையாட்டு இது? நேரா எல்லாம் பளிச்சுனு தெரியுது. ஊசில நூலே கோத்துடுவேன்.”

“கண்ணுக்கு ஏதாச்சும் போடறியா?”

“நீ சொன்னதுதான்.”

தகர டப்பாவைத் திறந்து காட்டினார். எதையும் தூக்கிப் போடாதவர். முப்பத்தொரு காலி பாட்டில்கள். கடைசி பாட்டிலைக் காட்டினால் மருந்துக் கடையில் அதையே எடுத்துக் கொடுத்துவிடுவார்களாம். தொற்றுக் காய்ச்சலில் கண் சிவந்தபோது தொடங்கியது. அதிலிருந்து லேசாக உறுத்தினாலும் சொட்டு. மூன்று வருஷம்.

“நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா தப்பா இருக்குமா?”

(இங்கே ஒரு குறிப்பு. அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கிறது. சில நாள் போட்டால் சிவப்பு அடங்கும். மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு சாகும். வலிக்காது. பெரும்பாலும் ஓரத்திலிருந்து தின்னும். போனது திரும்பாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.)

3

முதல் வரைவில் மருந்துக் கடைக்காரரை வில்லனாக்கினேன். இரண்டாவதில் டாக்டரை. இரண்டுமே நன்றாக வந்திருந்தன. இரண்டிலும் அவள் மேல் ஒரு கறையும் இல்லை. அதனால் கிழித்தேன்.

நடந்தது இது. ஊரடங்கில் கிளினிக்கைப் பூட்டியபோது டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ‘கண் சிவந்திருந்தால் இந்தச் சொட்டு, தினம் மூன்று வேளை, ஐந்து நாள். பிறகு நேரில் வரவும்.’ வீட்டிலிருந்தபடியே போனில் அதைப் படித்துக் காட்டி, பெயரையும் எண்ணையும் நோட்டில் எழுதுவது அவள் வேலை.

முதல் நாளே நான்கு பேர் கத்தினார்கள். “கதவப் பூட்டி வச்சிட்டு நேர்ல வான்னா? கிண்டலா பண்றீங்க?”

மறுநாளிலிருந்து கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டாள். எத்தனை நாள் என்று கேட்டவர்களிடம், “சிவப்பு போற வரைக்கும்” என்றாள். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவளுக்கே தோன்றியது. கேட்க இதமாகவும் இருந்தது.

அம்மாவிடமும் அதைத்தான் சொன்னாள்.

வீட்டிலேயே முதல் டிகிரி. மூன்று சொல்லை முழுசாகப் படிக்கத் துப்பில்லை.

[ஆனால் கதவு திறந்த பிறகு டாக்டர் ஒருத்தரையாவது கூப்பிட்டுப் பார்த்தாரா, அவரும்—] உண்மைதான். ஆனால் அதை முடித்தால் அவள் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

4

“எந்த நோட்டு?” என்றார் டாக்டர்.

“ஊரடங்குல போன்ல மருந்து சொன்னோமே, அது. இருநூத்திப் பன்னெண்டு பேரு. எல்லாரையும் கூப்பிட்டு அழுத்தம் பாக்கணும். எங்கம்மாவுக்கு இடது கண்ல ஓரம் போயிடுச்சு.”

பேனாவை மூடி வைத்தார். நிஜமாகவே அதிர்ந்தார். அதை எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். “அம்மாவ இன்னைக்கே கூட்டிட்டு வா. நானே பாக்கறேன்.”

“மத்தவங்க?”

“ஊரே காய்ச்சல்ல கிடந்த நேரம்மா அது. யாருக்கு என்ன சொன்னோம்னு இப்பத் தோண்டினா, போர்டக் கழட்டிட்டுப் போக வேண்டியதுதான். நோட்டெல்லாம் எப்பவோ கிழிச்சாச்சு.” குரலைத் தாழ்த்தினார். “கிழிச்சது உனக்குத்தான் நல்லது. அதுல இருந்தது பூரா உன் கையெழுத்து.”

5

முடிவு ஒன்று: டாக்டர் மனம் மாறி, தானே போனை எடுக்கிறார். கண்ணாடியக்கா இதைப் படித்துவிட்டு, “யாரு, இவரா?” என்றார். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அம்மாவின் பார்வை திரும்புகிறது. இதை அடிக்கக் கை வரவில்லை. ஆனாலும் அடித்தேன்.

மூன்றாவதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. நோட்டு காலையிலிருந்தே அவள் பையில் இருந்தது. கிளினிக் திறந்ததும் அவள் ஒப்படைத்திருந்தது, அங்கே பழைய அலமாரியின் அடித்தட்டிலேயே கிடைத்தது. அவர் சம்மதித்திருந்தால் கிளினிக் பெயரில் கூப்பிட்டிருக்கலாம். நம்பி வந்திருப்பார்கள். இனி அவள் பெயரில்தான். ‘நான்தான் சொன்னேன். பாதியை விட்டுட்டேன். எங்கயாவது போய்க் கண் அழுத்தம் பாத்துடுங்க.’ திட்டுவார்கள். வழக்குப் போடலாம். போடட்டும்.

“கிழிச்சாச்சா டாக்டர்?”

“அதான் சொல்றேனே.”

“சரி.”

பையைத் தோளில் மாட்டினாள். கவுண்டரில் கண்ணாடியக்கா தலையில் கை வைத்தார். “கேட்டுட்டியா, பாவி!”

“கேட்டுட்டேன்க்கா.”

எத்தனை பேர் போனை எடுப்பார்கள், எத்தனை பேருக்கு ஓரம் இன்னும் மிச்சமிருக்கும்— இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகாது. உங்கள் வீட்டு மருந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

அவள் கதவைத் தள்ளித் தெருவில் இறங்கினாள். முதல் பக்கம், முதல் எண். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நடந்துகொண்டே அந்த மூன்று சொல்லையும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.