மிமூனின் ஐந்தாவது துடிப்பு

மொராக்கோவின் திஸ்ஸா குதிரைத் திருவிழாவில், வரிசையாகப் பாய்ந்து ஒரே நேரத்தில் துப்பாக்கி சுடும் போட்டிக்கு எங்கள் அணி களமிறங்க மூன்று மணி நேரம் இருந்தது. கூடாரத்துக்குப் பின்னால் டாக்டர் புவாஸா தன் கறுப்புக் குதிரை மிமூனின் சேணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அணித்தலைவர் லஹ்ஸன் என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். அணியின் குதிரைகளுக்கெல்லாம் இத்தோ என்கிற நான்தான் வைத்தியம் பார்ப்பவள்.

புவாஸா ஃபெஸ் நகரத்தில் பேர்பெற்ற இதய மருத்துவர்; திருவிழாவில் எங்கள் அணியில் குதிரையேறுபவர். "நாலு துடிப்பு கேக்குது, அஞ்சாவதைக் காணோம். திரும்ப நாலு, திரும்பக் காணோம். மனுஷனா இருந்தா இந்நேரம் படுக்கையில போட்டிருப்பேன்" என்றார்.

"உங்க ஆஸ்பத்திரிக்கு வாலோட யாரும் வர்றதில்லையே, டாக்டர்."

லஹ்ஸன் வாய்விட்டுச் சிரித்தார். புவாஸா சிரிக்கவில்லை. போன வருடம் பக்கத்து அணியின் குதிரை ஓட்டத்தின் நடுவிலேயே சுருண்டு விழுந்ததை அவர் பார்த்திருந்தார். அதில் வந்தவனுக்குத் தோள்பட்டை நொறுங்கிப்போனது.

மிமூனின் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் குழலை வைத்தேன். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. அவர் சொன்னது சரிதான், ஐந்தாவது துடிப்பு வரவில்லை. ஆனால் அடுத்தது தவறாமல் வந்தது. இரண்டு சேர்ந்தாற்போல் ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"இது நோய் இல்ல, டாக்டர். பழக்கின குதிரைக்கு நாலு கிலோ இதயம். சும்மா நிக்கும்போது அதுக்கு வேலையே இல்ல. ரத்தக்குழாய்ல அழுத்தம் கொஞ்சம் ஏறினா நரம்பு கடிவாளத்தை இழுக்குது, ஒரு துடிப்பை விட்டுடுது. ஓடவிட்டா கடிவாளம் தளர்ந்துடும்."

"தளரலேன்னா?"

"நானே சேணத்தைக் கழட்டுவேன். லஹ்ஸன் என் காலைப் பிடிச்சாலும் ஓட விடமாட்டேன்."

"ஏம்மா இத்தோ, என்னை எதுக்கு இதுல இழுக்கறே?" என்றார் லஹ்ஸன்.

நீளக் கயிற்றில் மிமூனை வட்டமாக ஓடவிட்டேன். முதலில் பெருநடை, பிறகு பாய்ச்சல். பத்து நிமிடத்தில் தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் கயிறுகயிறாகப் புடைத்தன. மண்ணீரலில் சேர்த்துவைத்த ரத்தத்தையும் உடம்பு இறக்கிவிட்டிருக்கும். குதிரைக்கு அந்த வசதி உண்டு. நிறுத்தின கையோடு குழலைப் புவாஸாவிடமே நீட்டினேன்.

"நீங்களே கேளுங்க."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. ஐந்தைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது.

"ஒண்ணுகூடத் தப்பலே," என்றார் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்தார். "முப்பது வருஷமா மனுஷனையே கேட்டுக் கேட்டு, எல்லாரையும் நோயாளியாவே பார்க்கறேன் போல."

"குதிரைக்கு மன்னிப்பு வேணாம். சேணம் போட்டா போதும்" என்றேன்.

சாயங்காலம் பதினைந்து குதிரைகளும் ஒரே கோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. பதினைந்து துப்பாக்கியும் ஒரே வெடியாக வெடித்தது. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. எங்களுக்கு இரண்டாம் இடம். நடுவர்களை லஹ்ஸன் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

கூடாரத்துக்குத் திரும்பி அரை மணி கழித்து மிமூனின் தாடைக்கடியில் நாடி பிடித்தேன். ஐம்பதுக்கு இறங்கியிருந்தது. பக்கத்தில் புவாஸா தன் மணிக்கட்டையே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு, டாக்டர்?"

"நூத்தி இருபது," என்றார் வெட்கத்தோடு. "அது ஓடுச்சு. நான் சும்மா மேல உக்காந்துதான் வந்தேன்."