ஆண்டாயி பார்த்த பங்க் ராக்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. பங்க் ராக்கின் வரலாறு பற்றிய ஓர் ஆவணப்படத்தைக் குறித்துச் சிறுபத்திரிகை ஒன்று என்னிடம் கட்டுரை கேட்டது. 'எழுபதுகளின் நடுவில், லண்டனில், வேலையற்ற இளைஞர்கள்...' என்று ஆரம்பித்தேன். அடித்தேன். 'இசை தெரியாதவர்களும் இசைக்கலாம் என்ற அறிவிப்பே...' அதையும் அடித்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது வரிக்குள் ஆண்டாயி பெரியம்மா வந்து உட்கார்ந்துகொள்கிறார். எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படத்தை நான் பார்த்தது 1985-இல், ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், அவர் வீட்டில்தான்.

2

ராசாங்கம் அண்ணன் பெரியம்மாவின் மூத்த மகன். (இவரை என்னால் ஒழுங்காக எழுத முடியுமா என்று சந்தேகமாக இருக்கிறது. ஊரைவிட்டு அவர் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. சத்தமாகச் சிரிப்பார். அது ஒன்றுதான் நிச்சயம், மீதி நானாகச் சேர்ப்பது.)

மேலத்தெருவில் சாவு விழுந்தால் எங்கள் தெரு ஆண்கள் பறையடிக்கப் போக வேண்டும். 1980-இல் ராசாங்கம் அண்ணன் போகமாட்டேன் என்றார். அடித்தார்கள். [எப்படி அடித்தார்கள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். படிக்க நன்றாக இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.] காயம் ஆறியதும் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனார். நான்கு வருடம் கழித்து, சாரம் சரிந்து செத்துப்போனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஊருக்கு வந்தது ஒரு பெட்டி. அதில் கொஞ்சம் துணி, ஒரு ரேடியோ, ஒரு வீடியோ கேசட்.

பெரியம்மா அழவில்லை. எங்கள் தெருவில் முகத்தைப் பார்த்துத்தான் ஒப்பாரி எடுப்பார்கள். முகம் வரவில்லையே. துக்கம் கேட்க வந்தவர்களை, "யாரு செத்தா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். வேப்பந்தட்டைக்கு பஸ் ஏறிப் போய் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தார். பெண் வீட்டாருக்கு விஷயம் தெரியாது.

3

அப்போதெல்லாம் வெளிநாடு போனவர்கள் கேசட் அனுப்பினால், அதில் அவர்கள் தங்கும் அறை, சமைக்கும் அடுப்பு, கையசைக்கும் சேக்காளிகள் இருப்பார்கள். ஆகவே இந்தக் கேசட்டில் ராசாங்கம் அண்ணன்தான் வருவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இளையவன் தர்மன் அரியலூரிலிருந்து வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்துவந்தான். டெக்குக்காரர் கிருஷ்ணமூர்த்தி சாயங்காலம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றதால் மத்தியானமே போட்டோம். சன்னலில் சாக்கைக் கட்டி இருட்டாக்கியிருந்தோம். தெரு முழுக்க உள்ளே இருந்தது.

திரையில் வந்தவன் முள்ளம்பன்றி மாதிரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, கிழிந்த சட்டையை ஊக்குகளால் கோத்திருந்தான்.

"யாருடி இவன்? எதுக்கு இப்படிக் கத்துறான்? நம்ம வூட்டுப் புள்ள எப்ப வரும்?" என்றார் பெரியம்மா.

அப்போதுதான் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்திருந்த என்னை எல்லோரும் பார்த்தார்கள்.

"வேலை இல்லையாம், பெரிம்மா. வாசிக்கத் தெரியாது, ஆனாலும் வாசிப்போம்ங்கிறான். எவன் உத்தரவும் எங்களுக்கு வேணாம்ங்கிறான்."

தர்மன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "அண்ணனும் இதத்தான சொல்லுச்சு. அதுக்குத்தான அந்த அடி."

(அடிக்குறிப்பு: பங்க் ராக்கின் ஆன்மா எது என்று பத்திரிகை கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் தர்மனுடையதுதான். ஆனால் அந்தக் கேசட்டை அண்ணன் ஏன் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. அறையில் வேறு யாரோ விட்டுப்போனதாகவும் இருக்கலாம். அவரை லண்டன் பையன்களுக்குக் கூட்டாளியாக்கினால் கட்டுரைக்கு நல்லது. அவருக்கு நல்லதா?)

4

படம் முடியப்போகும் நேரம். ஒரு சின்ன அரங்கில் கூட்டம் குதிக்கிறது. நடுவில் கறுப்பாக, உயரமாக, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன்.

"நிறுத்து! அது எம் புள்ள முதுகு."

கிருஷ்ணமூர்த்தி நிறுத்தினார். படம் கோடுகோடாக நடுங்கியது.

லண்டன், 1977 என்று படத்தில் குரல் சொல்லியிருந்தது. அந்த வருடம் ராசாங்கம் அண்ணன் இங்கே சுண்ணாம்புக்கல் குழியில் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் சொன்னது புரிந்தவள் அறையில் நான் ஒருத்திதான்.

"வேம்பு, நீ படிச்ச புள்ள. ஒங்கண்ணந்தானான்னு பாத்துச் சொல்லு. ஆமான்னா நான் அழுதுட்டுப் போறேன்."

5

முடிவு ஒன்று: 'ஆமா' என்கிறாள் வேம்பு. பெரியம்மா தலையை விரித்துப்போட்டு அழுகிறார். தெருவே சேர்ந்து அழுகிறது. யாரோ ஒரு வெளியூர்க்காரனின் முதுகுக்கு முன்னால்.

முடிவு இரண்டு: 'இல்ல' என்கிறாள். "அப்ப வந்துருவான்" என்று பெரியம்மா கல்யாணத்துக்கு நாள் குறிக்கக் கிளம்புகிறார்.

முடிவு மூன்று: வேம்பு அவர் கையைப் பிடித்து...

[மூன்றாவதைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் நல்லவளாகவே வந்தேன். கிழித்துவிட்டேன்.]

அன்றைக்கு நான் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் என்னைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டு அவரை மறந்துவிடுவீர்கள். எனக்கு அது தாங்காது.

ஆகவே என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். அந்தப் படத்தின் வருடம் உங்களுக்கும் தெரியும்.

"ரொம்ப நேரம் நிறுத்தி வச்சா டேப்பு போயிடுங்க. சட்டுன்னு சொல்லுங்க" என்கிறார் கிருஷ்ணமூர்த்தி.

பெரியம்மா கொண்டையை அவிழ்க்கக் கையை வைத்துக்கொண்டு, உங்கள் வாயையே பார்க்கிறார்.