சிவப்பு வட்டம்

நான் செய்த வீடியோ விளையாட்டை ஆடி முடிக்கப் பத்து நிமிடம் போதும். பெயர் ‘பெரட்டு’. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுதான். ஆடுகிறவர் அங்கே தினம் ஒரு படத்தைச் செய்தியாகக் காட்ட வேண்டும். கையில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். அதை எங்கே போட்டாலும் கூட்டம் அங்கேதான் பார்க்கும். ஏழாம் நாள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வட்டம் விழுந்த ஒருவரின் கதவு சாத்தப்படும், பிறகு திறக்காது. மறுப்புச் சொல்லவும் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் செய்தி இரண்டு மடங்கு பரவும். அதை யோசித்ததில் எனக்கு ஒரே பெருமை.

தெமோதரையில் எங்கள் லயத்தில் மழைக்கு முன்பே சிக்னல் ஓடிவிடும். அதனால் பண்டாரவளையில் லத்தீப் நானாவின் துணிக்கடை மாடியில் உட்கார்ந்துதான் செய்தேன். முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். நானாவின் மகள் றஷீனா என்னோடு படித்தவள். மேசையும் மத்தியானச் சோறும் அவர்கள் கொடுத்தது.

என் அண்ணன் துஷாந்த் முகநூலில் செய்திப் பக்கம் நடத்துகிறான், பாதி வதந்திதான். அவனுக்கு உறைக்கட்டும் என்றே விளையாட்டை முதலில் அவனிடம் கொடுத்தேன். நான்கு தடவை ஆடினான்.

“ஏய் சுதர்ஷினி, வட்டத்த போட்டா எல்லாமே நெசமாத் தெரியுதே!”

நானும் சிரித்தேன், மடைச்சி. குரங்கு கையில் கொள்ளிக்கட்டையைக் கொடுத்துவிட்டுச் சிரித்தேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் பக்கத்தில் ஒரு படம் வந்தது. நானாவின் கடையில் பெண்கள் உடுப்புப் போட்டுப் பார்க்கும் அறை. கூரையில் பழைய பல்ப் ஹோல்டர். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘அக்கா தங்கச்சிமாரே, இது என்ன?’ என்று எழுதியிருந்தான். மத்தியானத்துக்குள் நாலாயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள்.

வீட்டில் கத்தினேன்.

“கேமரான்னு நான் எங்கயாச்சும் சொன்னேனா? கேள்விதானே கேட்டேன்” என்றான். எனக்கு அவனை அறையத் தோன்றியது.

‘அது வெறும் பல்ப் ஹோல்டர், நான் அந்தக் கடையிலேயே இருந்தவள்’ என்று தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. மறுத்தால் இரண்டு மடங்கு பரவும். விதியை எழுதியவளே நான்தானே. ஐந்து முறை எழுதினேன், ஐந்து முறை அழித்தேன். நானாவின் கடைக்குள்ளும் போகவில்லை. என்னையும் யாராவது படம் எடுத்துப் போட்டுவிடுவார்களோ என்று பயம்.

தீபாவளிக்கு முதல் நாள் மனம் கேட்காமல் போனேன். மற்ற வருடங்களில் அன்றைக்குக் கால் வைக்க இடமிருக்காது. நானா ஏற்கெனவே மடித்திருந்த சாரிகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

“வா மகள், சாப்பிட்டியா?” என்றார்.

றஷீனா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். “பொய்யெண்டு ஒனக்குத் தெரியும்தானே. ஏன் ஒண்டும் செய்யல்ல?”

“மறுத்து எழுதினா இன்னும் பரவும் றஷீனா. என் விளையாட்டுல...”

“எழுதச் சொன்னேனா? ஒங்கட அம்மாவ கூட்டிட்டு வந்து ஒரு சாரி எடுத்திருக்கலாமே. லயத்துல நாலு பேரு பாத்திருப்பாங்க.”

என் விளையாட்டில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

அம்மாவின் தீபாவளிச் சாரி போன கிழமையே, படம் வந்த மூன்றாம் நாள், வாங்கியாகிவிட்டது, எதிர்க்கடையில். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.