ஆளில்லாத ஹவுஸ்ஃபுல்

காலை பதினொரு மணிக் காட்சிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. புரொஜெக்டர் அறையின் சின்னக் கண்ணாடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள். ஒரு தலைகூட இல்லை. வாசலில் மட்டும் ஹவுஸ்ஃபுல் பலகை.

படம் என் கொழுந்தியா எடுத்தது. ஓர் ஏரியை ஆலைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் யார் யார் என்று நான்கு வருஷம் அலைந்து எடுத்த ஆவணப்படம். பெரிய கம்பெனி ஒன்று உரிமையை வாங்கியபோது வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. ஒப்பந்தத்தில் அவள் அடம்பிடித்துச் சேர்த்தது ஒரே வரி: ஒரு வருஷத்துக்குள் தியேட்டரில் ஏழு காட்சி ஓட வேண்டும்; ஒன்று குறைந்தாலும் படம் அவளுக்கே திரும்பிவிடும். ஆறு காட்சி வெளியூர்களில் ஓடின. ஆறும் ஹவுஸ்ஃபுல். ஆனால் படம் பார்த்தேன் என்று ஒருவர்கூட அவளுக்கு எழுதவில்லை. இது ஏழாவது. வருஷம் இன்றோடு முடிகிறது.

புரொஜெக்டர் பல்புக்கு ஆயுள் மணிக்கணக்கில்தான். அதனால் ஆளில்லாத அரங்கில் அதை ஏற்றவே கூடாது என்பது எங்கள் தியேட்டர் வழக்கம். கடைசி டைட்டில் ஓடும்போது எரிந்தாலே மேனேஜர் கத்துவார். அந்த மனிதர்தான் காலையில் மாடியேறி வந்து சொன்னார்:

“யார் வந்தாலும் வராட்டியும் முழுசா ஓட்டிடு.”

“பல்பு, சார்?”

“பல்ப நீயா பெத்த? ஓட்டு.”

போகும்போது முன்பதிவுத் தாளை மேசையிலேயே விட்டுப் போய்விட்டார். மொத்த டிக்கெட்டும் ஒரே முகவரிக்கு. அதே தெரு, அதே கட்டடம், அதே ஒன்பதாவது மாடியை நேற்று ஒலி சரிபார்க்கும்போது திரையில் பார்த்திருந்தேன். ஆலையின் தலைமை அலுவலகம்.

இந்த இயந்திரம் தன் நாட்குறிப்பைத் தானே எழுதும்: எந்தப் படம், எந்த நிமிடம் தொடங்கியது, எப்போது முடிந்தது. மேனேஜராலும் அதை அழிக்கவோ, ஓடாததை ஓடியதாக எழுதவோ முடியாது. இன்னொன்றும் உண்டு. பூட்டிய படத்தைத் திறக்க கம்பெனி ஒரு டிஜிட்டல் சாவி அனுப்பும். கூடுதலாக ஒரு தடவைகூட ஓடிவிடக் கூடாதென்று, இந்தச் சாவியைப் பதினொன்றே காலோடு முடித்திருந்தார்கள். அதற்குள் தொடங்காவிட்டால் படம் திறக்காது.

செல்பேசி அடித்தது.

“மாமா, டிக்கெட்டே இல்லைங்கறாங்க. என்னோட இன்னும் நாலு பேர் நிக்கிறாங்க. பின்கதவத் தொறந்து விடுங்களேன்.”

திறந்தால் ஐந்து பேர் பார்ப்பார்கள். ஏழாவது காட்சியும் கணக்கில் ஏறி, படம் நிரந்தரமாகக் கம்பெனியின் அலமாரிக்குப் போகும். பதினொன்றே கால் தாண்டட்டும் என்று உண்மையைச் சொன்னாலோ, அவளே தூண்டிவிட்டு நிறுத்தினாள் என்று நாளைக்கு வழக்கு போடுவார்கள்.

“கொஞ்சம் பொறும்மா.”

“எதுக்கு?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“உங்களையும் வாங்கிட்டாங்களா மாமா?” குரலில் கோபமில்லை, அதுதான் சுருக்கென்றது. “அக்காவுக்குத் தெரியுமா?”

இணைப்பைத் துண்டித்துவிட்டு, அறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டேன். மணி பதினொன்று ஆறு. கீழே மேனேஜர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தை, பிறகு மெல்லத் திரும்பி என் கண்ணாடியை.

பின்கதவை யாரோ தட்டத் தொடங்கினார்கள். காலி அரங்கில் அந்தச் சத்தம் இருக்கைகள் மேல் நடந்து வருவதுபோல் கேட்டது. பல்பு இன்னும் குளிர்ந்தே இருந்தது.