கால்மாட்டு ஐஸ்

நான்காவது ஐஸ் பாளத்தை அண்ணன் உடலின் கால்மாட்டில் தள்ளிக்கொண்டிருந்த கொழுந்தன், சாக்கு நழுவி விரல் நசுங்கியதில் "ஸ்ஸ்" என்றான். அவள் அவன் விரலைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது.

"கால்மாட்டுல வேண்டாம் தம்பி. கால் சில்லுன்னு ஆனா அவருக்குத் தூக்கம் வராது."

வாயிலிருந்து வந்துவிட்டது. கோடையிலும் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டு படுக்கிற மனிதர். கொழுந்தன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரி ஓவென்று அழ ஆரம்பித்தாள். யாரையும் அழவைக்க அவள் அதைச் சொல்லவில்லை.

"வெயில் கொளுத்துது அண்ணி. நாலு மணி வரைக்கும் தாங்கணுமில்ல?" என்று கொழுந்தன் பாளத்தை இன்னும் நெருக்கி வைத்தான்.

காலையில் பல் துலக்கிவிட்டு, ஆய்வுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெட்டியைத் துடைக்க உட்கார்ந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார்.

"அந்தத் தண்ணிதான் மகராசனைக் கொன்னுடுச்சு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"டாக்டர் அப்படிச் சொல்லலை. சொல்லாததை நாம சொல்லக் கூடாது. அவருக்குப் பிடிக்காது."

பம்பு மெக்கானிக்காக இருந்தவரைத் தெருவில் எல்லோரும் பாட்டில்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பின்னாலிருந்த ஆலையின் கழிவு நிலத்தடியில் இறங்கி, ஏழு தெருவின் குழாய்க் கிணற்றிலும் பெயிண்ட் வாடை அடித்தபோது, முதல் பாட்டிலை நிரப்பி எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தவர் அவர். நான்கு வருடம் நடந்தார். கடைசியில் ஓர் உத்தரவு வந்தது. தினமும் ஒரு லாரி நல்ல தண்ணீரை ஆலை தரவேண்டும். ஆனால் மாதாமாதம், கடைசி வேலைநாள் பகல் பதினொரு மணிக்கு, ஆலை ஆளின் முன்னிலையில் தெருமுனைக் குழாய்க் கிணற்றில் தண்ணீர் எடுத்து, மூன்று மணிக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்து, விஷம் இன்னும் இருக்கிறது என்று சீட்டு வாங்கவேண்டும். சீட்டு இல்லாத மாதம் லாரி இல்லை.

இன்று கடைசி வேலைநாள்.

பத்தே முக்காலுக்கு ஆலை அதிகாரி வந்தார். சின்ன வயது. கையில் பெரிய மலர்வளையம். அதை வைத்துவிட்டு, செருப்பில்லாத காலோடு கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். அந்த வருத்தம் பொய்யாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சார் எனக்கு எவ்வளவோ சொல்லிக் குடுத்திருக்கார்மா. நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. இந்த மாசம் சாம்பிள் எடுக்கறதை விட்டுடலாம். இந்த நிலைமையில யாரு கேக்கப்போறா?"

"லாரி?"

"வரும்மா. நாங்களும் மனுஷங்கதானே."

"அதை எழுதிக் குடுங்க."

அதிகாரி சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார்.

"இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கும்மா..."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மலர்வளையத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

அவள் உள்ளே போய் ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்த பாட்டிலை எடுத்தாள். அதில் ஒட்டவேண்டிய லேபிளில் நேற்றே தேதி எழுதியிருந்தாள். அவர் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்று லேபிள் எழுதுகிற வேலை எப்போதும் அவளுடையது.

"அண்ணி, எங்க போறீங்க?"

"முனைக்கு. பதினொண்ணாச்சு."

"அண்ணன் இங்க கெடக்கறாரு. இன்னைக்குமா இந்தப் பாட்டில்?"

"இன்னைக்குத்தான் தம்பி தேதி."

வந்தவர்களெல்லாம் தெருவில் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதிகாரியும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார். அடிகுழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போக நூறு முறை அடித்துக் கொட்டவேண்டும். நடுவில் யாராவது பேசி எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. இது அவருடைய சட்டம். வீட்டில் அவள் எத்தனையோ முறை இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அடித்தாள். ஒன்று. இரண்டு. குழாயின் இரும்பு கிறீச்சிட்டது. அறுபத்திரண்டில் அதிகாரி, "போதும்மா, நான் நூறுன்னே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அவள் நிறுத்தினாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு" என்றாள் சத்தமாக.

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகூட அழுகையை நிறுத்திவிட்டாள். தெரு முழுக்க அந்தக் கிறீச்சு மட்டும். எண்பதுக்கு மேல் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஒருத்தி உதவிக்கு வந்து கைப்பிடியைத் தொட்டாள். அவள் தலையை மட்டும் அசைத்தாள். நூறு.

பாட்டிலை மூன்று முறை அதே தண்ணீரில் அலசினாள். வழிய வழிய நிரப்பி, மூடியைத் திருகி, கவிழ்த்துப் பார்த்தாள். கண்ணாடியோரமாக ஒரு குமிழி ஏறியது. கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினாள். கவிழ்த்தாள். இந்தத் தடவை எதுவும் நகரவில்லை. அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தபோதுதான் அது காலி என்பது நினைவுக்கு வந்தது. பெட்டி சில்லென்று இல்லாவிட்டால் ஆய்வுக்கூடத்தில் வாங்கமாட்டார்கள். கடையில் இருந்த ஐஸ் முழுவதும் காலையிலேயே இந்த வீட்டுக்கு வந்துவிட்டது.

அவள் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பாளத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அண்ணி! ஊரே பாக்குது!"

"பாக்கட்டும்."

"செத்தவன் காலடியில இருந்து எடுக்கறதா? மனசு வருதா உங்களுக்கு?"

"கடை ஐஸ் பூரா உங்க அண்ணன்கிட்டதான் இருக்கு. வேற யாருகிட்ட கேக்கறது?" சுத்தியல் விழுந்தது. சில்லுகள் தரையில் தெறித்தன. "நான் கேட்டேன். அவர் வேண்டாம்னு சொல்லலை. நீ வேணா இன்னொரு தடவை கேட்டுப் பாரு."

கொழுந்தன் தலைமாட்டுப் பக்கம் போய்விட்டான்.

பாட்டிலைச் சுற்றிச் சில்லுகளை அள்ளிப் போட்டுப் பெட்டியை மூடினாள். வாசலில் தண்ணீர் லாரி நின்றது. காலையில் தண்ணீர் விட்டுவிட்டுப் போகாமல் துக்கத்துக்கு நின்றுவிட்ட டிரைவர், அவள் பெட்டியோடு வருவதைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார்.

"படி உசரம்க்கா. பெட்டியைக் குடுத்துட்டு ஏறுங்க."

"வேண்டாம். நானே வெச்சுக்கறேன்."

வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "சீட்டு இல்லேன்னா நாளையிலிருந்து வண்டியை எடுக்க வேண்டாம்னு நேத்தே ஆபீஸ்ல சொல்லிட்டாங்கக்கா." மாதாமாதம் சொல்வதுதான். அவள் தலையாட்டினாள்.

ஆய்வுக்கூடத்து ஜன்னலில் இருந்த பெண் பெட்டிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள்.

"மூணரை டிகிரி. சரியா இருக்கு. சார் வரலையாம்மா?"

"வரலை."

"உடம்பு சரியில்லையா?"

அவள் பாட்டிலை எடுத்து ஜன்னலில் வைத்தாள். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"அடுத்த மாசமும் நான்தான் வருவேன். பேரை மாத்தி எழுதிக்கோங்க" என்றாள்.

சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மூன்றரை. தெருவில் கூட்டம் பெருகியிருந்தது. ஐஸ் எடுத்த விஷயம் அவளுக்கு முன்னால் ஓடிப்போயிருக்கவேண்டும். இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவது பெண் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கித் துடைத்து, அதன் இடத்தில் வைத்தாள்.

கொழுந்தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மற்ற மூன்று பாளங்களும் பாதியாகக் கரைந்திருந்தன. கால்மாட்டில் அவன் வேறு ஐஸ் வைக்கவில்லை. அந்த இடம் துடைத்துக் காய்ந்திருந்தது. அவருடைய கால்களில் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை.

"பீரோவுல எந்தத் தட்டுன்னு தெரியலை. தேடித்தான் எடுத்தேன்" என்றான் அவன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"நேரமாச்சு, தூக்கலாமா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இருங்க" என்றாள்.

இடது கால் காலுறையின் உள்பக்கம் வெளியே இருந்தது. அவள் குனிந்து அதைக் கழற்றி, நேராகத் திருப்பி, குதிகாலில் சுருக்கம் விழாமல் இழுத்து மாட்டினாள்.